புல்லட் வாங்குமுன் மெக்கானிக்கைத் தேடுங்கள்: ஒரே பெயரில் மூன்று வண்டிகள்

என் அக்கா மகனுக்கு 27 வயது. வீடு தாம்பரம், வேலை ஒரகடம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், காபி ஆடை கட்டும் வரை செல்போனில் புல்லட் படங்களாகவே தள்ளிக்கொண்டிருந்தான்.

"புல்லட் எடுக்கலாம்னு இருக்கேன் மாமா."

"எந்த புல்லட்டுடா?"

"புல்லட்னா புல்லட்தானே. அதுல என்ன எந்த?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டேங்கில் அதே பெயர். ஹெட்லைட்டுக்கு மேலே அதே நெற்றி, இரண்டு பக்கமும் அதே குட்டி விளக்குகள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அவன் தாத்தா காலத்து வண்டிக்கும் ஷோரூமில் நிற்கிற வண்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே இருப்பதோ மூன்று வேறு வேறு வண்டிகள். 2010 வரை வந்த காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின். அதற்குப் பிறகு 2023 வரை வந்த யூசிஇ, அதாவது இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே உடலாக இருக்கிற இன்ஜின். 2023 செப்டம்பரில் வந்த ஜே சீரிஸ். மூன்றையும் ஓட்டும் விதம் வேறு, பழுதாகும் விதம் வேறு, பழுது பார்க்கிற ஆட்களும் வேறு.

ஏவிஎல் என்று நடுவில் இன்னொரு இன்ஜினும் இருந்தது. ஆஸ்திரிய நிறுவனம் ஒன்றின் உதவியோடு செய்த அலுமினிய இன்ஜின் அது. மச்சிஸ்மோவிலும், 2002ல் வந்த தண்டர்பேர்டிலும் இருந்தது. நல்ல இன்ஜின்தான், ஆனால் இப்போது உதிரி பாகம் தேடுவது பெரும்பாடு. புதிதாக வாங்குகிறவருக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

என்னிடம் இருப்பது 1988 மாடல். அதை ஸ்டார்ட் பண்ணுகிற விதத்தை அவனுக்குக் காட்டினேன். பெட்ரோல் டேப்பைத் திற. சாவியைத் திருப்பு. ஹெட்லைட் நெற்றியில் ஒரு ஆம்ப் மீட்டர் இருக்கிறது, அதன் முள் மைனஸ் பக்கம் சாயும். இப்போது கிக்கரை அடிக்கக் கூடாது, மெதுவாக அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த ஓரிடத்தில் கால் கெட்டியாக முட்டும், முள்ளும் நடுவுக்குத் திரும்பும். பாயின்ட் (ஸ்பார்க் வர மின்சாரத்தை வெட்டுகிற சுவிட்ச்) திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை கீழே இறக்கி, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, அப்புறம் உடம்பு எடை முழுவதையும் போட்டு ஒரே மிதி. ஒழுங்காகச் செய்தால் முதல் மிதியிலேயே பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் வலது முழங்காலுக்குக் கீழே இருக்கிற தழும்பு 1996லிருந்து இருக்கிறது.

அவன் ஆறு தடவை மிதித்தான். ஏழாவதில் வண்டி உயிர் பெற்றது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பி ஒருவன் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஊசி செய்த ஊரிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர் அது. என்ஃபீல்டு கம்பெனி முளைத்ததே அங்கே ஓர் ஊசி தயாரிப்பாளர் தொடங்கிய சைக்கிள் தொழிலிலிருந்துதான். லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்ததால் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பீரங்கிச் சின்னமும் அந்த உறவில் வந்ததுதான். 1901ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932ல் 250, 350, 500 சிசி என்று மூன்று அளவுகளில் 'புல்லட்' என்ற பெயர் முதன்முதலாக வந்தது.

நமக்குத் தெரிந்த புல்லட் அது இல்லை. போருக்குப் பிறகு பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்து ஒரு புதிய 350 செய்தார்கள். சாலை வண்டிகள் பலவற்றில் அப்போது பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. 1948ல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் இந்த மாதிரி வண்டிகள் இரண்டு தங்கப் பதக்கம் வாங்கின. 1949ல் விற்பனைக்கு வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆர்டரை வாங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ், 1955ல் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1956ல், முதல் ஆண்டில், வெளியே வந்தவை 163 வண்டிகள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வாங்குபவருக்கு முக்கியம். ரெட்டிச்சில் டிசைனை மாற்றிக்கொண்டே போனார்கள். திருவொற்றியூரிலோ 1955ன் வடிவம் அப்படியே நின்றுவிட்டது. 1962 வாக்கில் எல்லா பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967ல் மூடியது. 1970ல் இங்கிலாந்தில் தயாரிப்பே முடிந்துபோனது. 1977ல் இங்கே செய்த புல்லட்டை அந்த ஊருக்கே கப்பலில் அனுப்பினோம். அம்மா வீடு இடிந்த பிறகு மகள் சீர் கொண்டுபோன மாதிரி.

அதாவது, ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஒரே இன்ஜின். 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சிசி, ஏறக்குறைய 18 குதிரைத்திறன். சின்னச் சின்ன மாற்றம் உண்டு. பேட்டரி 6 வோல்ட்டிலிருந்து 12 ஆனது, முன் பிரேக் கொஞ்சம் பெரிதானது. ஆனால் அறுபதுகளில் திருவொற்றியூர் வண்டியைப் பிரித்துப் பழகிய கை, 2005 மாடலையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இன்றைக்கும் பிஸ்டன், கிளட்ச் பிளேட், பாயின்ட் செட் எல்லாம் கிடைப்பதற்குக் காரணம் இந்தத் தேக்கம்தான். கம்பெனி சோம்பேறித்தனமாக இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அந்தச் சோம்பேறித்தனம்தான் என்னைப் போன்றவர்களின் வண்டியை இன்னும் ஓட வைக்கிறது.

காஸ்ட் அயர்ன்: வண்டியோடு ஒரு ஆளும் வேண்டும்

எனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். அம்பத்தூர்ப் பக்கம், 68 வயது. பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வால்வைத் திறந்து மூடுகிற டப்பட்டை செட் பண்ணுவதை அவரிடம் பார்க்க வேண்டும். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூடாக வண்டி கொண்டுபோனால் தொடமாட்டார். சிலிண்டருக்கு அடியில் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றி, குட்டி ஸ்பேனர்களை நுழைத்து, நட்டைக் கால் திருப்பு திருப்பி, புஷ் ராடு என்கிற கம்பியை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். ராடு சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. கேஜ் கிடையாது. "விரல் சொல்லும்" என்பார். எனக்கு முப்பது வருஷமாக என் விரல் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் மகன் ஏசி மெக்கானிக் ஆகிவிட்டான். கடையில் இப்போது உதவிக்கு ஆள் இல்லை.

இதுதான் காஸ்ட் அயர்ன் வண்டியின் உண்மையான விலை. இன்ஜின் அழியாது. கிராங்கை மாற்றலாம், சிலிண்டரை ரீபோர் அடிக்கலாம், கியர் பாக்ஸ் தனி, இன்ஜின் தனி என்பதால் ஒன்றைக் கழற்ற மற்றதைத் தொட வேண்டாம். ஆனால் அதன் பிக் எண்டில், அதாவது பிஸ்டன் ராடு கிராங்கோடு சேருகிற இடத்தில், இருப்பது மிதக்கும் புஷ் என்கிற உலோக வளையம். அதற்கு ஆயில் சுத்தமாக இருக்க வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் 60, 65ல் நாள் பூராவும் போகும். 90ல் அரை மணி நேரம் முறுக்கினால் ரீபில்டு செலவுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை பாய் ஊரில் இல்லாத நேரம் வேறொரு பட்டறையில் விட்டேன். டைமிங்கை அட்வான்ஸாக, அதாவது ஸ்பார்க் சீக்கிரமே விழும்படி, வைத்துக் கொடுத்தார்கள். கிக்கர் என்னைத் தூக்கி அடித்தது அப்போதுதான்.

அக்கா மகனுக்கு இந்த வண்டி ஏன் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். அவன் பதினெட்டு வயதிலிருந்து வலது காலில் பிரேக் பிடித்துப் பழகியவன். ஒரகடம் ரோட்டில் முன்னால் போகிற கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றால் அவன் வலது கால் தானாக மிதிக்கும். வண்டி நிற்காது, அடுத்த கியருக்குத் தாவும். இதைச் சொன்னபோதுதான் அவன் செல்போனைக் கீழே வைத்தான்.

காகித விஷயமும் இருக்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்டிஓவில் காட்டி ஆர்சியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021ல் விதி வந்தது. கேட்கப் பெருமையாக இருக்கும், ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் சாலைக்கு எடுக்கலாம். வேலைக்குப் போக வண்டி தேடுகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 'மிலிட்டரி ஏலத்துல எடுத்தது' என்று யாராவது சொன்னால், முதலில் சேஸிஸ் எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். ஆர்சியோடு ஒரு இலக்கம் ஒத்துவராவிட்டாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

யூசிஇ: நடுவில் பிறந்த பிள்ளை

2010ல் புகை விதிகள் இறுகியபோது காஸ்ட் அயர்னுக்கு விடை கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்த யூசிஇ இன்ஜினில் அளவு அதே 70க்கு 90, அதே 346 சிசி. ஆனால் சிலிண்டர் அலுமினியம், இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே உடல், கியர் இடது காலுக்கு வந்துவிட்டது, ஐந்து கியர். டப்பட் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகை. பாயின்ட் கிடையாது. அம்பத்தூர் பாய் விரலுக்கு வேலை போனது இங்கேதான். 19.8 பிஎச்பி என்று காகிதத்தில் இருந்தாலும் மனசுக்குப் படுவது 28 நியூட்டன் மீட்டர் டார்க்தான். கிளட்சை விட்டதும் வண்டி எருமை மாதிரி நிதானமாக இழுக்கும்.

பழைய புல்லட் ரசிகர்கள் இதை 'பிளாஸ்டிக்' என்று திட்டினார்கள். நானும் திட்டினேன். இப்போது கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பெரும்பாலான மாடல்களில் செல்ஃப் இருக்கிறது, கிக்கரும் இருக்கிறது. ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை எந்த ஊரில் நின்றாலும் இதைப் பிரிக்கத் தெரிந்த ஒரு பையன் கிடைப்பான், ஏனென்றால் அவ்வளவு வண்டி விற்றிருக்கிறது. நோய்கள் தெரிந்த நோய்கள். பேட்டரி வலுவிழந்த பிறகும் செல்ஃபையே அழுத்திக்கொண்டிருந்தால், செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கிற ஸ்ப்ராக் கிளட்ச் போகும். அதை மாற்ற இடதுபக்க மூடியைத் திறக்க வேண்டும், செலவு கொஞ்சம் கடிக்கும். ஆயில் அளவு குறைந்தால் ஹைட்ராலிக் டப்பட் டக்டக் என்று புகார் சொல்லும். 80க்கு மேல் கைப்பிடியும் கால் வைக்கிற இடமும் அதிரும், ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். தினமும் நூறு கிலோமீட்டர் போகிறவர் இதை வாங்கக் கூடாது.

வாங்குவதானால் எந்த வருஷ மாடல் என்பதில்தான் சூட்சுமம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கிற வசதி) கட்டாயம் ஆனது. அதற்கு முந்தைய ஸ்டாண்டர்டு புல்லட் சிலவற்றில் முன்னாலும் டிரம் பிரேக்தான். 2020ல் பிஎஸ்6 புகை விதி வந்ததும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஆக, 2019 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் நடுவில் சுமார் ஒரு வருஷம், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ் போட்ட டிஸ்க்கும் தெருமுனைப் பையன் சுத்தம் செய்யக்கூடிய கார்புரேட்டரும் ஒரே வண்டியில் இருந்தன. செகண்ட் ஹேண்டில் புல்லட் தேடுகிற யாருக்கும் நான் சொல்வது இந்த ஒரு வருஷத்து வண்டியைத்தான். செல்ஃப் இல்லாமல் கிக்கர் மட்டுமே உள்ள மாடல்களும் கலந்து கிடைக்கும், பார்த்து எடுங்கள்.

ஜே சீரிஸ்

இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. 349 சிசி, போர் 72, ஸ்ட்ரோக் 85.8. புஷ் ராடே கிடையாது, வால்வைத் திறக்கிற கேம் மேலே போய்விட்டது. அதிர்வைக் குறைக்க உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் சுற்றுவதால் 90ல் போனாலும் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் நம்பர் படிக்கலாம். என் வண்டியில் கண்ணாடி அலங்காரத்துக்கு மட்டும்தான். 20.2 பிஎச்பி. விலை கூடின மாடல்களில் முன்னும் பின்னும் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆனது. ஒரு சிசி வித்தியாசத்தில் இது அதற்குள் வந்துவிட்டது.

இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். 195 கிலோ எடை, கிக்கர் கிடையாது. பேட்டரி உட்கார்ந்தால் தள்ளத்தான் வேண்டும், அதிலும் இன்ஜெக்ஷன் வண்டி என்பதால் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் தள்ளினாலும் பிடிக்கும். அடுத்தது, கோளாறு வந்தால் ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு இது பெரிய தடையில்லை. ஆனால் கிராமத்தில் இருக்கிற என் தம்பிக்கு ஷோரூம் 45 கிலோமீட்டர் தள்ளி. அவனுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஜே சீரிஸ் புல்லட் அதைத் தாங்கும்படி செய்தது. பழைய இரண்டு இன்ஜின்களிலும் கார்புரேட்டர் ரப்பர், பெட்ரோல் டியூப் எல்லாம் அதற்காகச் செய்ததல்ல. வண்டி வாரக்கணக்கில் நின்றால் டேங்கில் ஈரம் சேர்ந்து துருவும் பிடிக்கும். என் வண்டியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்த வேண்டியிருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுகிறேன். டியூபை வருஷம் ஒருமுறை மாற்றுகிறேன். செலவு சொற்பம், ஆனால் மறந்தால் எரிச்சல்.

அவனுக்கு என்ன சொன்னேன்

"சத்தம் எதுல நல்லா இருக்கும் மாமா?" என்றான் கடைசியாக. எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். காஸ்ட் அயர்னில்தான். சந்தேகமே வேண்டாம். கனமான ஃபிளைவீல், நீண்ட ஸ்ட்ரோக், மெதுவான ஐட்லிங், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். அதற்காகப் புது வண்டிக்குச் சைலன்சரை மாற்றி ஊரைக் கூட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். வெடிச் சத்தம் வேறு, அந்த நிதானம் வேறு.

ஆனால் அவன் போய்வருவது தினம் ஐம்பது கிலோமீட்டர் போல, படப்பை வழியாக, லாரிகளுக்கு நடுவே. வீட்டிலோ ஆபீஸிலோ ஸ்பேனர் பிடித்த பழக்கம் இல்லை. அதனால் அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உங்க வீட்டுலேர்ந்து பத்து கிலோமீட்டருக்குள்ள எந்த இன்ஜினைப் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கான்? போய்த் தேடிட்டு வா. அப்புறம் வண்டியைப் பேசலாம்."

இரண்டு வாரம் கழித்து வந்தான். முடிச்சூர்ப் பக்கம் ஒரு ஷெட், முப்பது வயசுப் பையன், வாசலில் ஒன்பது யூசிஇ நின்றிருந்ததாம். காஸ்ட் அயர்ன் கேட்டதற்கு, "அதுக்கு அம்பத்தூர்ல ஒரு பாய் இருக்காருண்ணே" என்றானாம் அந்தப் பையன். புது வண்டிக்குக் கையில் பணம் போதவில்லை, இஎம்ஐ போட அக்கா சம்மதிக்கவில்லை. கையில் பணம் இருந்திருந்தால் ஜே சீரிஸையே எடு என்றிருப்பேன்.

பூந்தமல்லியில் 2019 நவம்பர் மாடல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர், கிக்கர் இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது. சனிக்கிழமை காலை அந்த ஷெட் பையனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போகிறோம். விற்கிறவரிடம் நேற்றே போனில் ஒன்று மட்டும் சொல்லச் சொன்னேன்: "சார், நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. ஆறின இன்ஜினாவே இருக்கட்டும்."